ஆசீர்வாதத்துக்கு எழுப்பி விடு

எங்கள் சபையின் வருகைப் பதிவேட்டை முப்பத்தெட்டு ஆண்டுகளாக நான்தான் எழுதுகிறேன். அதில் ஓர் எண் தவறு. தவறு என்று தெரிந்தும் அதை நான் அடிக்கவில்லை. எக்ஸ்ரே அம்மா என்று நாங்கள் அழைத்த ஒருவரால் வந்த எண் அது. சென்ற மாதம் அவரை அடக்கம் செய்தோம். ஆராதனைத் தாளில் அச்சிடுவதற்கு அவரைப் பற்றிப் பத்து வரி எழுதிக் கொடுத்தேன். பிறந்த தேதி, பார்த்த வேலை, சபையில் சேர்ந்த நாள் எல்லாம் அதில் சரியாக இருந்தன. அந்தப் பத்து வரியில் அடங்காததை இங்கே எழுதுகிறேன்.

முப்பத்தோரு ஆண்டுகள் ஒரு மருத்துவமனையின் எக்ஸ்ரே அறையில் அவருக்கு வேலை. ஜன்னல் இல்லாத அறை. கதவுக்கு மேலே ஒரு சிவப்பு விளக்கு. நெஞ்சைப் பலகையோடு ஒட்டி நிற்பவர்களிடம் கண்ணாடித் தடுப்புக்குப் பின்னாலிருந்து நாள் முழுவதும் அவர் சொன்னது மூன்றே வார்த்தை: "இழுங்க. பிடிங்க. விடுங்க." தன் வேலையைப் பற்றி அவரிடம் ஒரே ஒரு சிரிப்புக் கதை இருந்தது.

"ஒருநாள் 'பிடிங்க'ன்னு சொல்லிட்டு போன் வந்துச்சுன்னு எடுக்கப் போயிட்டேன் ஐயா. திரும்பி வந்தா ஒரு பெரியவர் முகமெல்லாம் செவந்து நிக்கிறாரு. கையால ஜாடை காட்டி, விடலாமாங்கிறாரு!"

அவர் கணவர் பேருந்து ஓட்டுநர். ஓட்டுநர் இருக்கையைத் தவிர வேறு எங்கே உட்கார்ந்தாலும் இரண்டு நிமிடத்தில் தூங்கிவிடுவார். கல்யாண வீடு, பல் டாக்டர் நாற்காலி, ஆலயம் எல்லாம் அவருக்கு ஒன்றுதான். ஞாயிறுதோறும் பிரசங்கம் தொடங்கும்போது மனைவியின் காதில் சொல்வாராம்: "ஆசீர்வாதத்துக்கு எழுப்பி விடு." கடைசி ஆசீர்வாதத்துக்குச் சபை எழுந்து நிற்கும்போது அம்மா அவர் முழங்காலில் இரண்டு விரலால் இரண்டு தட்டுத் தட்டுவார். அவரும் ஒன்றும் நடக்காததுபோல் எழுந்து நின்று, எல்லாருக்கும் முந்தி "ஆமென்" சொல்வார். இருபத்தாறு ஆண்டுகள் இப்படியே நடந்தது.

ஒரு ஞாயிறு அம்மா இரண்டு தட்டுத் தட்டினார். அவர் எழவில்லை. மறுபடியும் தட்டினார். சபை முழுவதும் நின்றுகொண்டிருந்தது.

பிரசங்கம் தொடங்கிய கொஞ்ச நேரத்திலேயே போயிருக்கும் என்றார் மருத்துவர். பிரசங்கம் நாற்பது நிமிடம்.

அந்தச் சபையார் கெட்டவர்கள் இல்லை. வந்தார்கள், அழுதார்கள், சமைத்துக் கொண்டுவந்தார்கள். ஆனால் எல்லாரும் ஒரே மாதிரி சொன்னார்கள்: "கொடுத்து வச்ச மனுஷன். தேவ சமுகத்துலயே பிராணன் போச்சு." மூன்று மாதம் இதைக் கேட்டபின் அம்மா அங்கே போவதை நிறுத்திவிட்டார். தோளோடு தோள் ஒட்டி உட்கார்ந்திருந்தும் ஒரு மூச்சு நின்றதைத் தான் கவனிக்கவில்லை என்பதுதான் அவரைத் தின்றது. மூச்சைப் பார்ப்பதே தொழிலாக இருந்தவர் அவர்.

அதன்பிறகு பதினான்கு மாதங்களில் பத்து சபைகளுக்குப் போனார். எந்த இடத்திலும் ஆசீர்வாதம் வரை அவரால் இருக்க முடியவில்லை. சபை எழுந்து நிற்பதற்கு முன் வெளியே வந்துவிடுவார். ஒரே ஒரு ஆசீர்வாதத்துக்கு எழுந்து நிற்க முடிகிற இடம் வேண்டும்; அவர் தேடியது அவ்வளவுதான்.

முதல் சபையின் வாசலில் ஒரு பெண்மணி கையைப் பிடித்துக்கொண்டு, "தனியாவா வந்தீங்க? சார் வரலையா?" என்று கேட்டார். "பின்னாடி வர்றாரு" என்று அம்மாவின் வாய் தானாகச் சொல்லிவிட்டது. உள்ளே போய் உட்கார்ந்தபின் அவரே வாசலைத் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

இன்னொன்றில் டிரம்ஸும் ஆளுயர ஸ்பீக்கரும். முதலில் அது பிடித்திருந்தது. எதுவும் காதில் விழாது. பிறகு ஒரு யோசனை வந்தது: இந்தச் சத்தத்தில் பக்கத்தில் இருப்பவருக்கு மூச்சு நின்றால் யாருக்குத் தெரியும்? எழுந்து வந்துவிட்டார்.

மற்றொன்றில் புதிதாக வந்தவர்கள் எழுந்து நிற்க வேண்டும் என்றார்கள். மைக்கைக் கொடுத்து, "உங்க குடும்பத்தைப் பத்தி ரெண்டு வார்த்தை சொல்லுங்கம்மா" என்றார்கள். மைக்கை நாற்காலியில் வைத்துவிட்டு நடந்தார்.

பத்தாவது, ஒரு வீட்டின் முன்னறையில் கூடும் சிறிய சபை. நடுவில் ஐந்து நிமிடம் மௌன ஜெபம். அதைப் பற்றிச் சொல்லும்போது மட்டும் குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"என்னையும் சேத்து இருபது பேரு ஐயா. கண்ண மூடிக்கிட்டு எண்ணினேன். இருபத்தோரு மூச்சு."

பதினோராவதாக எங்கள் சபைக்கு வந்தார். எங்கள் வாசலில் வருகையாளர் புத்தகம் ஒன்று உண்டு. தேதி, பெயர், எத்தனை பேர், கருத்து என்று நான்கு கட்டம். உறுப்பினராகச் சேரும்வரை ஒவ்வொரு வாரமும் எழுத வேண்டும். கருத்துக் கட்டத்தில் பெரும்பாலும் "ஆராதனை ஆசீர்வாதமாக இருந்தது" என்றுதான் எழுதுவார்கள், அபூர்வமாக, "மின்விசிறி போதவில்லை." அன்று இந்த அம்மா கருத்து எழுதவில்லை. எத்தனை பேர் என்ற இடத்தில் "2" என்று எழுதியிருந்தார்.

நான் வாசலிலேயே நிற்பவன். வந்தது ஒருவர்தான். பிரசங்கம் முடிகிற சமயம் 10.52க்கு அவர் வெளியே வந்தபோது புத்தகத்தோடு அவர் பின்னால் போனேன்.

"அம்மா, ஒரு சின்னத் திருத்தம். நீங்க ஒருத்தர்தானே வந்தீங்க? உங்க பக்கத்துல யாரும் இல்லையே."

அவர் புத்தகத்தில் தன் எழுத்தைப் பார்த்தார். "பழக்கத்துல எழுதிட்டேன். அடிச்சிடுங்க."

அடிக்கோல் வைத்து அடித்து, மேலே 1 என்று எழுதி, ஓரத்தில் கையெழுத்திட்டேன். அவர் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். "கோடு நேரா போட்டிருக்கீங்க" என்றார்.

இனி வரமாட்டார் என்று நினைத்தேன். அடுத்த ஞாயிறும் வந்தார். எத்தனை பேர்: 1. கருத்து: "பின்னாலிருந்து மூன்றாம் வரிசையில் ஒருவர் தூங்குகிறார். யாரும் எழுப்பவில்லை."

அந்த ஒருவர் என் தங்கையின் கணவர். பேக்கரிக்காரர். விடியுமுன் அடுப்பு மூட்டுகிறவர்; பிரசங்க நேரம்தான் அவருக்கு நடுச்சாமம். அன்று மதியம் அவர்கள் வீட்டில் இந்தக் கருத்தை வாசித்துக் காட்டினேன்.

"பாத்தியா, மானம் புத்தகத்துல ஏறிடுச்சு" என்றாள் தங்கை.

"மச்சான், நான் தூங்கல. கண்ண மூடித் தியானம் பண்ணேன்" என்றார் அவர்.

"தியானத்துல எவன்யா குறட்டை விடுவான்? ரம்பம் போட்ட மாதிரி!"

"பிரசங்கியார் மரம் வெட்டினா நான் ரம்பம் போடத்தானே வேணும்?"

நாங்கள் சிரித்தோம். அந்தக் கருத்தை எழுதியவருக்கு அதில் சிரிக்க ஒன்றுமில்லை என்பது அப்போது எங்களுக்குத் தெரியாது.

மூன்றாம் வாரத்திலிருந்து அம்மா நேராகப் பேக்கரிக்காரரின் பின்வரிசையில் உட்கார்ந்தார். பைபிள் மடியில் மூடியே இருந்தது. கண் அவருடைய சட்டை முதுகைவிட்டு நகரவில்லை. அது ஏறி இறங்குவதையே பார்த்துக்கொண்டிருந்தார். 10.50, 10.53 என்று ஆசீர்வாதத்துக்கு முன் போய்விடுவார். பக்கத்து இருக்கையை மட்டும் யாருக்கும் விடவில்லை. அதில் கைப்பை வைத்திருந்தார்.

ஐந்தாம் ஞாயிறு. நான் ஒவ்வொரு வாரமும் இரண்டு முறை எண்ணுவேன்: பிரசங்கத்துக்கு முன் உட்கார்ந்திருக்கும்போது ஒன்று, ஆசீர்வாதத்துக்கு நிற்கும்போது ஒன்று. நடுவில் சிலர் எழுந்து போவார்கள். வாசலைக் கடந்து தாமதமாக வருகிறவர்களை நானே சேர்த்துக்கொள்வேன். அதனால் இரண்டாம் எண் குறையுமே தவிர ஏறாது. அன்று உட்கார்ந்திருந்தவர்கள் அறுபத்தேழு. அதற்குமேல் யாரும் உள்ளே வரவில்லை.

பிரசங்கம் பாதியில் இருந்தது. பேக்கரிக்காரரின் குறட்டை வழக்கம்போல் ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. திடீரென்று அது நின்றது. இது எங்களுக்குப் பழக்கம்தான். அவர் தூக்கத்தில் சில சமயம் மூச்சு அடைத்து, பிறகு தானே வரும். ஆனால் அம்மா எழுந்துவிட்டார். முகத்தில் ரத்தமே இல்லை. முப்பத்தோரு ஆண்டுகள் கண்ணாடிக்குப் பின்னாலிருந்து பேசிப் பழகிய குரலில், ஆலயம் அதிரச் சொன்னார்:

"மூச்ச விடுங்க!"

சொல்லிக்கொண்டே அவர் தோளைப் பிடித்து உலுக்கினார்.

பேக்கரிக்காரர் துள்ளி எழுந்து நின்று, "ஆமென்!" என்று கத்தினார்.

ஆலயம் முழுவதும் சிரித்தது. பிரசங்கியார்கூடப் புத்தகத்தால் முகத்தை மறைத்துக்கொண்டார். "இருபத்தொம்பது வருஷமா நான் எழுப்பி எந்திரிக்காத மனுஷன்!" என்றாள் என் தங்கை. அம்மா மட்டும் சிரிக்கவில்லை. பேக்கரிக்காரரின் நெஞ்சையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு நடுங்க ஆரம்பித்தார். தங்கை பின்வரிசைக்குப் போய் அவர் கையைப் பிடித்து உட்கார வைத்து, மறுபக்கத்தில் தானும் உட்கார்ந்துகொண்டாள். கைப்பை வைத்த இருக்கை அப்படியே இருந்தது.

10.52 ஆனது. நான் வாசலைத் திறந்துவிட்டு ஒதுங்கி நின்றேன். அவர் எழவில்லை.

11.01க்கு ஆசீர்வாதம். சபை எழுந்தது. அம்மா பக்கத்து இருக்கையிலிருந்து கைப்பையை எடுத்துத் தோளில் மாட்டினார். காலியான இருக்கையின் விளிம்பில் இரண்டு விரலால் இரண்டு தட்டுத் தட்டினார். பிறகு எழுந்து நின்றார்.

நான் பின்னாலிருந்து தலைகளை எண்ணினேன். அறுபத்தெட்டு.

போதகர் கைகளைத் தாழ்த்தும் முன் இன்னொரு முறை எண்ணினேன். அறுபத்தெட்டு. எல்லாருக்கும் முந்தி ஒரு ஆண் குரல் "ஆமென்" என்றது. பேக்கரிக்காரராகத்தான் இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். பிறகு கேட்டதற்கு, "மச்சான், அந்த வெக்கத்துல நான் வாயே திறக்கல" என்றார்.

அம்மா உறுப்பினராகச் சேர்ந்த நாளில் படிவத்தை நிரப்ப என்னெதிரே உட்கார்ந்தார். "முந்தைய சபையை விட்ட காரணம்" என்ற கட்டத்துக்கு ஒரு வரிதான் இடம். அதற்கு ஒன்றரை மணி நேரம் பேசினார். எங்கள் சபைக்கு வருமுன் நடந்ததாக மேலே எழுதியதெல்லாம் அப்போது கேட்டதுதான். எங்கள் சபைக்கு ஏன் திரும்பி வந்தீர்கள் என்று கேட்டேன்.

"மத்த இடத்துலல்லாம் வாங்க வாங்கன்னு கூப்பிட்டாங்க ஐயா. நீங்க ஒருத்தர்தான் என் பக்கத்துல யாரும் இல்லன்னு சொன்னீங்க. அது நிஜந்தானான்னு பாக்கத்தான் அடுத்த வாரம் வந்தேன்."

"பாத்தீங்களா?"

"நீங்கதான் கோடு போட்டு அடிச்சிட்டீங்களே. அன்னையிலருந்து யாரும் இல்லன்னு தெரியும்; எடத்த விடத்தான் மனசு வரல. ரெண்டு தட்டு தட்டினேன், போயிட்டாரு." இதைச் சொன்னபோது அவர் முகம் தெளிவாக இருந்தது. நான் எண்ணியதை அவரிடம் சொல்லவில்லை. பிறகு ஆறு ஆண்டுகள், ஒரு ஞாயிறுகூட ஆசீர்வாதத்துக்கு முன் அவர் வெளியே போனதில்லை. அந்த ஆறு ஆண்டுகளிலும் சொல்லவில்லை.

இரண்டு புத்தகங்களும் ஒரே அலமாரியில் இருக்கின்றன. வருகையாளர் புத்தகத்தில் அந்த ஐந்தாம் ஞாயிற்றுக்கு அம்மாவின் கையெழுத்தில் இருப்பது: எத்தனை பேர், 1. கருத்து, "ஆசீர்வாதம் வரை இருந்தேன்." வருகைப் பதிவேட்டில் அதே நாளுக்கு என் கையெழுத்தில் இருப்பது: அமர்ந்தோர் 67, நின்றோர் 68.

அடிக்கோலை எடுத்து எத்தனையோ முறை அந்தப் பக்கத்தைத் திறந்திருக்கிறேன். ஒருமுறை நான் அடித்ததில் ஒருவர் போய்விட்டார். இதையும் அடிக்க எனக்குக் கை வரவில்லை.