பிந்தி வந்தவனுக்கு வைத்த இடம்

நயினாதீவு வைத்திலிங்கம் அண்ணை பிளேன் ஓட்டுகிறவர் என்றுதான் ஊரில் பாதிப் பேர் நினைத்தார்கள். அவர் கொழும்பில் விமானப் போக்குவரத்துக் கந்தோரில் பொறியியலாளர். இறங்க வருகிற விமானங்களை வரிசைப்படுத்தக் கொம்பியூட்டரில் ஒரு புரோகிராம் எழுதிக்கொண்டிருந்தார். அதே கந்தோரில் நான் எழுதுவினைஞன்.

அதில் உண்மையான விமானம் எதுவுமில்லை. திரையில் புள்ளிகள் வரும். இரண்டு புள்ளிகளுக்கு இடையிலுள்ள தூரத்தைக் கொம்பியூட்டர் அளக்கும். குறைந்தால் பின்னால் வருவதை மெல்ல வரச் சொல்லும்; கூடினால் விரைவாக்கும்; திரும்பவும் அளக்கும். சுக்கான் பிடித்தவன் ஓயாமல் திருத்திக்கொண்டே போவது போல. விமான நிலையக் கட்டுப்பாட்டுக் கோபுரத்தில் வேலைக்குச் சேருகிறவர்களை இதில் பழக்கவேண்டும் என்பது அண்ணையின் ஆசை. அதற்கு மேலதிகாரிகள் ஒப்புக்கொள்ளவேண்டும். எண்பதாம் ஆண்டு வைகாசியில் அவர்கள் பார்க்க வந்தார்கள்.

முதலில் எல்லாம் ஒழுங்காகவே நடந்தது. பிறகு, மழை என்று வைத்து ஒரு சிறிய விமானத்தைப் பிந்தவிட்டார்கள். வேறு யாராவது எழுதியிருந்தால் அதை வரிசையின் கடைசிக்கு அனுப்பிவிட்டு அடுத்ததை இறக்கியிருப்பார்கள். அண்ணையின் புரோகிராம் அதன் இடத்தைக் காத்து வைத்தது. அதனால் அதற்குப் பின்னால் வந்த விமானமும் பிந்தியது. அதற்கும் இடம் காத்தது. புள்ளிகள் வட்டமடிக்கத் தொடங்கின. கடைசிப் புள்ளிக்கு எரிபொருள் முடிந்து, அது அணைந்துபோனது.

"ஏன் அதற்காகக் காத்திருந்தீர்?" என்று தலைமை அதிகாரி கேட்டார்.

"அது வந்துகொண்டிருந்தது தானே, சேர்."

"பின்னால் வந்தவையும் வந்துகொண்டுதான் இருந்தன."

யாரோ சிரித்தார்கள். அண்ணை புள்ளி அணைந்த இடத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். காது மடல் சிவந்திருந்தது.

அடுத்த மாதம் கோயில் திருவிழாவுக்கு ஊருக்குப் போனோம். நான் முந்திய பஸ்ஸில் வந்து, குறிகட்டுவான் துறையில், தீவுக்கு ஆட்களைக் கடல் கடத்தும் லோஞ்சில் ஏறியிருந்தேன். எனக்கு எதிரே யோகம்மாக்கா. யாழ்ப்பாணத்தில் இருப்பவர், தமையன் செத்துப்போன செய்தி கேட்டு முகம் பார்க்கப் போகிறார். பிரேதம் எடுக்குமுன் போய்விடவேண்டும். பெண்கள் சுடலைக்குப் போவதில்லை.

லோஞ்ச் துறையை விட்டு நன்றாக விலகிய பிறகு, அடுத்த பஸ்ஸிலிருந்து இறங்கி ஒருவர் பையோடு ஓடிவந்தார்.

"உது எங்கடை வைத்தியெல்லே," என்றார் லோஞ்சுக்காரர் சின்னக்குட்டி. "பிளேன் விழுத்தினவர்."

"எத்தினை சனமாம் செத்தது?" என்று பின்வரிசையிலிருந்து ஒரு குரல்.

அண்ணை எங்களைப் போகச் சொல்லிக் கையை வீசினார். சின்னக்குட்டி யோகம்மாக்காவைப் பார்த்தார்.

"திருப்பு. வாற பிள்ளையை விட்டிட்டுப் போக ஏலுமே?" என்றார் அக்கா.

லோஞ்ச் திரும்பியது. எங்கள் துறையில் அதுதான் வழக்கம். ஓடி வருகிறவனை விட்டுவிட்டு ஒருநாளும் போனதில்லை.

ஏறியவரிடம் சின்னக்குட்டி, "தம்பி, இதையும் விழுத்திப்போடாதையும்," என்றார். எல்லோரும் சிரித்தார்கள். அண்ணையும் சிரிக்கப் பார்த்தார். யோகம்மாக்காவின் அழுத கண்ணைக் கண்டு, என்னிடம் மெல்ல விசாரித்தார். சொன்னேன். அதன்பிறகு அவர் கரையையே பார்த்துக்கொண்டு வந்தார்.

நயினாதீவில் இறங்கும்போதே பறை கேட்டது. அது வீட்டுப் பக்கமில்லை, சுடலைப் பக்கம்.

"இப்பதான் எடுத்தது அக்கா," என்றான் கயிறு பிடித்தவன்.

யோகம்மாக்கா துறையிலேயே குந்திவிட்டார். அண்ணை அவருடைய பையைத் தூக்கியபடி பக்கத்தில் நின்றார்.

"நீ என்ன செய்வாய் தம்பி," என்றார் அவர், முகத்தைத் துடைத்துக்கொண்டு. "பஸ் பிந்தினால் நீ என்ன செய்வாய்."

அவர் ஏசியிருந்தால் அண்ணைக்கு லேசாக இருந்திருக்கும் என்று எனக்குப் பட்டது.

கொழும்புக்குத் திரும்பியதும் அண்ணை, பிந்தியதற்கு இடம் காக்கும் அந்த விதியை வெட்டிவிட்டார். மேலதிகாரிகள் ஒப்புக்கொண்டார்கள். இப்போது புதியவர்கள் அதில்தான் பழகுகிறார்கள். ஒரு புள்ளியும் அணைவதில்லை. பிந்திய புள்ளியொன்று வரிசையின் கடைசிக்குத் தள்ளப்படும்போது மட்டும் அண்ணை திரையைப் பார்ப்பதில்லை. குனிந்து காலின் சப்பாத்துக் கயிற்றை அவிழ்த்துக் கட்டுவார்.