பால்சுறாவும் சூளகிரிப் புளியும்

கல்யாணமாகி ஒரு வருஷம்கூட முடியவில்லை. பங்குனி மாதம். மாமியாரோடு நான் கடலூருக்குப் போக வேண்டி வந்தது.

அங்கே என் நாத்தனாருக்குத் தலைச்சன் பிரசவம். வழக்கப்படி அவள்தான் தாய்வீட்டுக்கு வந்திருக்க வேண்டும். பஸ் குலுக்கல் ஆகாது என்று டாக்டரம்மா தடுத்துவிட்டதால், நாங்கள் பிரசவத்தைத் தேடிக்கொண்டு போனோம். அவளுடைய கணவருக்குத் துறைமுக ஆபீஸில் குமாஸ்தா வேலை.

எங்கள் ஊர் சூளகிரிக்குப் பக்கம். வீட்டில் மாமியாருடைய பேச்செல்லாம் உத்தரவுதான். மாட்டுக்குத் தண்ணி காட்டு, ராகியைக் காயப் போடு, கதவைச் சாத்து. அதற்கு மேல் என்னிடம் ஒரு வார்த்தை பேசிய ஞாபகம் இல்லை. வாரச்சந்தைக்குக்கூட அவர் போனது கிடையாது. நிலபுலன் உள்ள வீட்டுப் பெண்கள் சந்தையில் நிற்பது மரியாதையில்லை என்பது மாமனாருடைய எண்ணம். மாமியாருக்கும் அதேதான். அப்படிப்பட்டவரோடு கிருஷ்ணகிரி, திருவண்ணாமலை, விழுப்புரம் என்று பஸ் மாறி மாறிப் போகையில் எனக்குப் பேச எதுவும் கிடைக்கவில்லை. மடியில் ராகி மாவும் கொள்ளும். காலடியில் ஒரு கோணி நிறைய அந்த வருஷத்துப் புதுப்புளி.

பெண் குழந்தை பிறந்தது. தாயும் பிள்ளையும் நன்றாக இருந்தார்கள். பால்தான் போதவில்லை. பிரசவம் பார்த்த மருத்துவச்சி, "பால்சுறா வாங்கிப் புட்டு செஞ்சு குடும்மா, தானா சுரக்கும்" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

மாமியாருக்கு அது பிடிக்கவில்லை. எங்கள் ஊரில் கோடையில் ஏரி வற்றும்போது பிடிக்கிற கெண்டையும் கெளுத்தியும்தான் அவர் அறிந்த மீன். அதையே கவிச்சி என்று மூக்கைச் சுளிப்பார். ஆனால் மகளுக்கு ஆக வேண்டுமே. மாப்பிள்ளை வழி சொல்லிவிட்டு ஆபீஸுக்குப் போனதும், கோணியில் கொள்ளாத புளியைப் போட்டுக் கொண்டுவந்திருந்த துணிப்பையை எடுத்துக்கொண்டு, "வா, போலாம்" என்றார்.

போகிற வழியில் திடீரென்று நின்று கேட்டார்: "ஏம்மா, கடல் மீனு உப்புத் தண்ணியிலயே கெடக்குது. அதுக்குக் கொழம்புல உப்புப் போடணுமா, வேணாமா?"

எனக்கும் தெரியவில்லை. இருவரும் அதை யோசித்தபடியே நடந்தோம். மாமியார் என்னிடம் ஒரு யோசனை கேட்டது அதுதான் முதல் தடவை.

மீன் மார்க்கெட்டில் நுழைந்ததும் இரைச்சல் காதை அடைத்தது. ஒரு பக்கம் ஏலம். இன்னொரு பக்கம் ஈரத்தரையில் கூடை கூடையாகக் கொட்டி, மீன்காரிகள் கூவிக்கொண்டிருந்தார்கள். மீனில் இத்தனை நிறம் உண்டென்று எனக்கு அதுவரை தெரியாது. சங்கரா மீன் செக்கச்செவேலென்று கிடந்தது. திருக்கையைப் பார்த்த மாமியார், "இது மீனா, மொறமா?" என்று என்னிடம் மெதுவாகக் கேட்டார். நான் சிரிப்பை அடக்கிக்கொண்டு நடந்தேன்.

அப்போது ஒரு கூடையிலிருந்து தப்பிய நண்டு அவர் பாதத்தின்மேல் ஏறியது. "அம்மம்மா" என்று தன் பிறந்தவீட்டுத் தெலுங்கில் என்னவோ சொல்லிக்கொண்டே என் தோளைப் பிடித்துக்கொண்டு ஒரு குதி குதித்தார். நண்டு தன் பாட்டுக்குப் பக்கவாட்டில் போய்விட்டது. அதைப் பார்த்துவிட்டு அவர் சிரிக்க ஆரம்பித்தார். கண்ணில் நீர் வரும்வரை சிரித்தார். அந்த வீட்டுக்கு வாழப் போன இத்தனை மாதங்களில் அவர் சிரித்து நான் கேட்டதே இல்லை.

நண்டுக் கூடைக்குச் சொந்தக்காரி வெற்றிலை மென்றுகொண்டிருந்த பருத்த பெண்மணி. அவளிடமே பால்சுறா இருந்தது.

"பெத்தவ யாரு, இவளா?" என்று என்னைக் காட்டிக் கேட்டாள்.

"இவ மருமவ. பெத்தவ எம் பொண்ணு."

"பூண்டு நெறைய போடு தாயி. நாலு நாளு பாரு, அப்புறம் சொல்லு." சுறாவைத் துண்டு போட்டுவிட்டுப் பையை வாங்கி உதறினாள். அடியில் தங்கியிருந்த புளி உருண்டை ஒன்று பொத்தென்று விழுந்தது. அவள் அதில் ஒரு சிட்டிகை கிள்ளி வாயில் போட்டாள். ஒரு கண் தானாக மூடிக்கொண்டது.

"இன்னாம்மா புளி இது. எந்த ஊரு?"

"எங்க மரத்துப் புளிதான்."

"மரம் எங்க கீது?"

"சூளகிரியில. ஓசூரு பக்கம்."

அங்கே யாருக்கும் ஓசூர் தெரியவில்லை. பெங்களூர் போகிற வழி என்று நான் சொன்னேன்.

"அவ்ளோ தூரத்துலேருந்து புளி எடுத்துக்கினு வந்து மீன் வாங்குறியா?" என்றாள். சுற்றியிருந்தவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். மாமியாருக்குக் கோபம் வரப்போகிறதே என்று நான் பயந்தேன். அவரும் சிரித்தார்.

"சங்கரா ரெண்டு எடுத்துக்க. அந்த உருண்டைய வச்சிட்டுப் போ."

"புளி விக்கிறதுக்கு நாங்க வரலம்மா."

"நானும் வாங்கறேன்னு சொல்லலியே. நீ குடு, நான் குடுக்கறேன்."

பக்கத்துக் கூடைக்காரி எட்டிப் பார்த்தாள். "எனக்கு இல்லியாக்கா?"

மாமியார் சற்றுத் தயங்கினார். பிறகு, "நாளைக்குக் கொண்டாறேன்" என்றார்.

என் காதையே என்னால் நம்ப முடியவில்லை. ஆனால் மறுநாள் பொழுது விடிந்ததும் கோணியைப் பிரித்து ஒரு கூடையில் புளியை எடுத்து வைத்தவர் அவர்தான். மார்க்கெட்டில் அந்தப் பெண்மணி ஒரு காலிக் கூடையைக் கவிழ்த்துப் போட்டாள். மாமியார் முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு அதன்மேல் உட்கார்ந்தார்.

"நீயும் உக்காரும்மா. நின்னா கால் வலிக்கும்" என்று என்னையும் இழுத்து உட்கார வைத்தார்.

சந்தையையே மிதிக்காதவர் பேரம் பேசிய பேச்சைக் கேட்க வேண்டும். "இந்த நண்டுல சதை எங்கம்மா இருக்குது, ஓடுதான் இருக்குது. இன்னும் ரெண்டு போடு." வேகம் வந்தால் பாதிப் பேச்சு தெலுங்குக்குப் போய்விடும். அவர்களுக்குப் புரியாது. இருந்தாலும் இன்னும் இரண்டைப் போட்டுவிடுவார்கள். வவ்வால், நெத்திலி, இறால் என்று ஒவ்வொரு நாளும் ஒன்று பழகினோம். என்ன மீன், எப்படி ஆய வேண்டும் என்று கேட்டுக்கொண்டு, வழியெல்லாம் பேசிக்கொண்டே வீடு திரும்புவோம்.

மீன் குழம்பும் ராகிக் களியுமாக மாப்பிள்ளை ஒரு பிடி பிடித்தார். குழம்புக்கு உப்புப் போடத்தான் வேண்டியிருந்தது. புட்டு தின்ற நாத்தனாருக்குப் பால் கட்டிக்கொள்ளும் அளவுக்குச் சுரந்தது. குழந்தையின் கன்னம் உப்பியது. ஒருநாள் நாத்தனார் கோணியைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "எனக்குன்னு கொண்டாந்த புளி எங்கம்மா?" என்றாள்.

"அதுதான் மீனா உன் வயித்துக்குள்ள போயிடிச்சே" என்றார் மாமியார்.

நாங்கள் புறப்பட்ட அன்று அந்த மீன்காரப் பெண்மணி பனையோலைப் பெட்டியில் கருவாடு கட்டிக் கொடுத்தாள். திருவண்ணாமலை பஸ்ஸில் கண்டக்டர் மூக்கைப் பொத்திக்கொண்டு அதைக் கூரைமேல் ஏற்றச் சொன்னார். மாமியார் ஒவ்வொரு நிறுத்தத்திலும் என்னை இறங்கிப் பார்க்கச் சொன்னார்.

வீட்டில் மாமனார் பெட்டியைப் பார்த்து, "என்ன இது?" என்றார்.

"மாப்பிள்ளை வீட்டுச் சீர்" என்றார் மாமியார், முகத்தில் எதையும் காட்டாமல். நான் தண்ணீர் எடுக்கப் போவதுபோல வெளியே போய்விட்டேன். அன்றைக்கு மாமனார் கருவாட்டுக் குழம்பை இரண்டாம் முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.

அடுத்த வருஷம் புளி உலுக்கிக் கொட்டை எடுத்து முடித்த அன்று, மாமியார் ஒரு கோணியைத் தனியாகக் கட்டி வைத்தார். "எப்ப கெளம்பலாம்?" என்று என்னைத்தான் கேட்டார். அந்த வருஷம் நாத்தனாருக்குப் பிரசவம் எதுவும் இல்லை. ஆனாலும் போனோம்.