இரும்புச் சாவியும் வராத வெளிச்சமும்

எனக்கு வலிப்பு இல்லை. அப்போதும் இல்லை, இப்போதும் இல்லை. இத்தனை வருஷம் கழித்து இதை எழுதும்போதும் கோபம் வருகிறது.

கல்யாணமான முதல் பங்குனியில் நிலக்கோட்டையில் என் அம்மா வீட்டிலிருந்து திண்டுக்கல்லுக்கு பஸ்ஸில் வந்தேன். உட்கார இடமில்லை. காலையில் ஒன்றும் சாப்பிடவில்லை. பஸ் நிறைய மல்லிகைக் கூடைகள், அந்த வாசமே தலையைச் சுற்ற வைத்தது. நாகல் நகரில் எங்கள் வீட்டு வாசலில் மயங்கி விழுந்தேன். தண்ணீர் தெளித்ததும் எழுந்து உட்கார்ந்து மோர் வாங்கிக் குடித்தேன். நடந்தது அவ்வளவுதான். என் மாமியார் அதற்கு வலிப்பு என்று பெயர் வைத்துவிட்டார்.

அன்றிலிருந்து அவர் இடுப்பில் ஒரு சாவி. எங்கள் ஊர்ப் பூட்டின் சாவி, முழு இரும்பு, நல்ல கனம். வலிப்பு வந்தால் கையில் இரும்பைக் கொடுக்க வேண்டுமே, அதற்காக. அடுப்புப் புகைக்குக் கண்ணை மூடினால் என் உள்ளங்கையில் சாவி. தும்மினால் சாவி. ஒருநாள் சாமி கும்பிடும்போதுகூடக் கூப்பிய கைக்குள் திணித்தார். கடையிலிருந்து மகன் வந்ததும், "இன்னைக்கும் கண்ணு சொருகுச்சுப்பு" என்பார். என் கணவர் ஒரு வார்த்தை கேட்க மாட்டார். சோற்றைப் பிசைவார்.

பிறகு பேச்சு முற்றியது. நோயை மறைத்துக் கட்டிவைத்துவிட்டார்களாம். என்னைக் கொண்டுபோய் அம்மா வீட்டில் விட்டுவிட்டு மகனுக்கு வேறு பெண் பார்க்க வேண்டுமாம். எங்கள் தெரு டாக்டர்தான் குறுக்கே வந்தார். மூளையில் ஓடும் அலையைக் காகிதத்தில் வரைகிற மிஷின் மதராஸில் இருக்கிறது, அதில் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள் என்றார். மாமியார் உடனே சம்மதித்தார். மிஷினும் தன் பக்கம்தான் பேசும் என்று அவருக்கு நிச்சயம். மூன்று பேரும் ரயில் ஏறினோம்.

ஆஸ்பத்திரியில் எண்ணெய்ப் பிசுக்குப் போகத் தலை குளித்துவிட்டு வரச் சொன்னார்கள். பசை தடவித் தலை முழுக்க ஒயர்களை ஒட்டினார்கள். கண்ணை மூடிப் படுக்கச் சொன்னார் மிஷின்காரர். அவர் சுவிட்சைத் தட்டினால் டக்கென்று சத்தம் கேட்கும். செத்த நேரம் கழித்து முகத்துக்கு நேரே ஒரு விளக்கு மின்னும். மூடிய இமைக்குள்ளும் சிவப்பாகத் தெரியும். சில தடவை ஆனதும் டக் கேட்டவுடனே நான் அந்தச் சிவப்புக்குக் காத்திருக்க ஆரம்பித்தேன். எவர் படுத்திருந்தாலும் அப்படித்தான் செய்வார்.

காகிதத்தையே பார்த்துக்கொண்டிருந்த மிஷின்காரர் வேலையை நிறுத்திவிட்டுத் திட்டினார். கண்ணை மூடியிருந்தால் ஏறி இறங்கி ஓட வேண்டிய அலை, விளக்கு வருவதற்கு முன்பே படுத்துவிடுகிறதாம். கண்ணைத் திறந்தால்தான் அப்படி ஆகுமாம். திறக்கவில்லை என்றேன். மறுபடி செய்தார், மறுபடியும் அதே. வாசலிலிருந்து மாமியார் குரல் வந்தது: "அவ அப்படித்தேன் சார். எல்லாத்தையும் மறைப்பா." ஒயர்களைப் பிடுங்கி அந்த ஆள் முகத்தில் எறிந்திருப்பேன். எறிந்தால் அதையும் வலிப்பு என்பார்கள் என்று பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்தேன்.

சத்தம் கேட்டு ஒரு லேடி டாக்டர் வந்தார். என் கண்மேல் பஞ்சு வைத்து இறுக்கிக் கட்டினார். இனி நான் நினைத்தாலும் திறக்க முடியாது. டக், டக் என்று கேட்டுக்கொண்டே இருந்தது. கட்டை அவிழ்த்தபோது அவர் சிரித்துக்கொண்டிருந்தார்.

"விளக்கை அப்பவே அணைச்சுட்டேம்மா. வெறும் சத்தந்தான். அதுக்கே உன் அலை படுத்துருச்சு."

காகிதத்தை விரித்து எனக்கும் காட்டினார். பின்மண்டையில், பார்ப்பதற்கென்று இருக்கிற இடத்தில், சும்மா இருக்கும்போது அந்த அலை நிதானமாக ஓடுமாம். ஒன்று தெரியப்போகிறது என்று காத்திருந்தால் அது உடனே கலைந்துவிடுமாம். வெளிச்சம் வர வேண்டியதில்லை, வரும் என்று நினைத்தாலே போதுமாம். வலிப்புக்கான அடையாளம் ஒன்றுகூட இல்லை என்று மாமியாரிடம் உரக்கச் சொன்னார். மிஷின்காரர் மன்னிப்புக் கேட்கவில்லை. ஒயரைச் சுருட்டினார். நான் மாமியாரின் இடுப்பைப் பார்த்தேன். சாவி அங்கேயே இருந்தது.

மறுநாள் காலை திண்டுக்கல் ஸ்டேஷனில் இறங்கும்போது எஞ்சின் கரித்தூள் கண்ணில் விழுந்தது. எரிச்சல் தாங்காமல் கண்ணை இறுக்கி மூடினேன். அந்த க்ஷணமே என் கையில் இரும்பு.

"ஏலே, அந்தா பாரு. வந்துருச்சு."

என் கணவர் பெட்டியைக் கீழே வைத்தார். என் இமையை விரலால் பிரித்து, வேட்டி நுனியால் துடைத்து, அந்தக் கறுப்புத் துணுக்கைத் தன் அம்மாவிடம் நீட்டினார்.

"கரித்தூளும்மா."

நான் மாமியாரின் கையைப் பிடித்து, சாவியை உள்ளே வைத்து, விரல்களை மடக்கினேன்.

"நீங்களே வச்சுக்கங்க அத்தை. வராததெல்லாம் உங்களுக்குத்தான் தெரியுது."

என்னை நிலக்கோட்டைக்கு அனுப்பும் பேச்சு அதன்பிறகு எடுபடவில்லை. கணவருக்கு நான் நன்றி சொல்லவும் இல்லை. கண்ணைப் பிரித்துப் பார்க்க அவருக்கு எடுத்தது ஒரு நிமிஷம். அதை அந்தப் பங்குனியிலேயே செய்திருக்கலாம்.