பல்செட்காரனைச் சோதித்த இருநூறு கிலோமீட்டர்

என் வீட்டுக்காரருக்கு பஸ் டிப்போவில் வைத்திருக்கும் பெயர் மோப்பம். ஓடுகிற பஸ்ஸை மறித்து ஏறி டிக்கெட் பரிசோதிக்கிற வேலை. கண்டக்டர்கள் வைத்த பெயர் அது, எனக்கு அதில் ஒரு வருத்தமும் இல்லை. வீட்டில் இரண்டு தம்ளர் கழுவிக் கவிழ்த்திருந்தால் யார் வந்துவிட்டுப் போனது என்று கேட்பார். தையல் மிஷின் முன்னால் உட்கார்ந்து நான் தனியாகச் சிரித்தால் என்ன விஷயம் என்பார். ஒன்றுமில்லை என்று சொன்னால், ஒன்றுமில்லாததற்கு யாராவது சிரிப்பார்களா என்று அடுத்த கேள்வி. காய்ச்சல் மாத்திரை வாங்கினால் அட்டையில் இருக்கிற தேதியைப் படித்துவிட்டு மருந்துக்கடைக்காரர் முகத்தையும் ஒரு தடவை படிப்பார். கல்யாணமான நாளிலிருந்து இந்தக் கண்ணுக்குக் கீழேதான் குப்பை கொட்டுகிறேன்.

எங்களுக்கு ஒரே மகள். பல் மருத்துவமனை ஒன்றில் வரவேற்பு மேசையில் உட்காருகிறாள். அங்கே பல்செட் செய்து கொண்டுவந்து கொடுக்கிற லேப் ஆளைப் பிடித்திருக்கிறது, அவரையே கல்யாணம் செய்துகொள்ள ஆசைப்படுகிறேன் என்று ஒருநாள் சாப்பிடும்போது சொல்லிவிட்டாள். எனக்குச் சந்தோஷமும் பயமும் சேர்ந்து வந்தன. இவர் கையைத் தட்டிலேயே வைத்துக்கொண்டு கேட்ட முதல் கேள்வி, "அவனுக்கு இருக்கறது சொந்தப் பல்லா?"

நல்ல மனுஷன், கெட்ட பழக்கம் எதுவும் கிடையாது, ஞாயிற்றுக்கிழமை ஆனால் சைக்கிளை எடுத்துக்கொண்டு நெடுந்தூரம் போய்விட்டு வருவார், அவ்வளவுதான் என்றாள் மகள். இவர் அந்த 'அவ்வளவுதான்' என்ற இடத்தைப் பிடித்துக்கொண்டார். விடிகாலையில் போய்ச் சாயங்காலம் திரும்புகிறவன் நடுவில் எங்கே போகிறான், யாரைப் பார்க்கிறான், கூடப் போய்ப் பார்த்தது யார்?

அடுத்த ஞாயிற்றுக்கிழமையே வேவு பார்க்கக் கிளம்பிவிட்டார். சும்மா இல்லை, புறநகர் பஸ்ஸில் டிரைவருக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு, முன்கண்ணாடி வழியாக. பஸ் ஒவ்வொரு நிறுத்தத்திலும் நிற்க, சைக்கிளில் அந்தப் பல்செட் தம்பி முன்னால் போய்விட, பஸ் மறுபடி விரட்டிப் பிடிக்க, இப்படியே கடைசி நிறுத்தம் வரை போயிருக்கிறார்கள். அங்கே அந்தத் தம்பி சைக்கிளை நிறுத்திவிட்டு, பஸ்ஸைப் பார்த்துக் கும்பிட்டு, "சார், தண்ணி வேணுமா?" என்று கேட்டிருக்கிறது. வீட்டுக்கு வந்து இவர் சொன்னது, "பாத்துட்டான். பாத்தும் பதறல. பெரிய ஆளுதான்."

அன்றிலிருந்து நாலு மாதத்தில் இருநூறு கிலோமீட்டர் சைக்கிள் பயணம் ஒன்று நடக்கவிருந்தது. பந்தயம் இல்லை. விடிகாலையில் கிளம்பி, குறித்த நேரத்துக்குள் திரும்பிவிட வேண்டும், வழியில் சில இடங்களில் அட்டையில் முத்திரை வாங்க வேண்டும். அந்தத் தம்பி போகிறது என்று தெரிந்ததும் இவரும் பெயர் கொடுத்துவிட்டார். ஒரு நாள் முழுக்க ஒருவனுடன் போனால் எந்த வேஷமும் கலைந்துவிடும் என்பது இவர் கணக்கு. மகளும் லேசுப்பட்டவள் இல்லை. "போயிட்டு வாங்கப்பா. வந்து நீங்க வேண்டாம்னு சொன்னா நான் இந்தப் பேச்சையே விட்டுடறேன். ஆனா காரணம் சொல்லணும். மூஞ்சி சரியில்லைன்னு எல்லாம் சொல்லக்கூடாது" என்றாள். சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். அன்று அவள் சரியாகச் சாப்பிடவில்லை.

பள்ளிக்கூட நாளுக்குப் பிறகு சைக்கிளைத் தொடாத மனுஷன். சர்க்கரைக்கு நல்லது என்று டாக்டர் சொன்னதாக அலுவலகத்தில் சொல்லிக்கொண்டார். அந்தத் தம்பியே வந்து இவருடைய புதுச் சைக்கிளின் சீட்டை உயர்த்திக் கொடுத்தது. கால் எட்டாமல் நான் விழவேண்டும் என்று பார்க்கிறான் என்று, தம்பி தெருமுனை திரும்பியதும் இவர் இறக்கிவிட்டார். ஒரு வாரம் முழங்கால் வலி. பிறகு யாருக்கும் தெரியாமல் உயர்த்தினார், வலி போய்விட்டது. போனதை மட்டும் யாரிடமும் ஒத்துக்கொள்ளவில்லை. பஞ்சு வைத்த அரைக்கால்சட்டையைக் கடைக்காரன் ஏமாற்று வேலை என்று திருப்பிக் கொடுத்துவிட்டு, இரண்டு ஞாயிற்றுக்கிழமை கழித்து நாற்காலியில் உட்கார முடியாமல் நின்றுகொண்டே டீ குடித்தார். கடைசியில் நானே ஒன்று தைத்துக் கொடுத்தேன், மேல்சட்டையின் முதுகுப் பக்கம் தின்பண்டம் வைக்க மூன்று பையும் தைத்தேன்.

தூரத்தை வாராவாரம் கொஞ்சம்தான் கூட்ட வேண்டும், மேட்டில் சின்ன கியரில் போக வேண்டும், பசிக்கு முன்னால் சாப்பிட வேண்டும், தாகத்துக்கு முன்னால் குடிக்க வேண்டும் என்று தம்பி ஒவ்வொன்றாகச் சொல்லும். இவர் தலையாட்டிவிட்டு, அதே கேள்விகளை ஊரின் மறுகோடியில் இருக்கிற சைக்கிள் கடையில் போய்க் கேட்பார். அங்கேயும் அதே பதில் வந்தால் இரண்டு பேரும் கூட்டு என்பார். எல்லாவற்றையும்விட இவருக்குப் பொறுக்காதது வேகக் கணக்கு. வாய்விட்டுப் பேசிக்கொண்டே ஓட்ட முடிகிற வேகம்தான் நெடுந்தூரத்துக்குச் சரியான வேகம், பேசும்போது மூச்சு வாங்கினால் வேகம் அதிகம் என்று அர்த்தம் என்றது தம்பி. "என்னப் பேச வெச்சு வாயப் பிடுங்கப் பாக்கறான். நம்ம வீட்டு விஷயமெல்லாம் வெளிய வந்துடும்" என்றார் இவர். வெளியே வருகிற மாதிரி எங்கள் வீட்டில் என்ன இருக்கிறது என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

புறப்படுவதற்கு முன்னால் இரண்டு பேரும் ஒன்று பேசிக்கொண்டார்கள். அவரவர் வேகத்தில் போவது. கடைசி முத்திரை இடத்தில் முன்னால் வந்தவர் ஒரு டீ குடிக்கிற நேரம் காத்திருப்பது, பிறகு கிளம்பிவிடுவது. அதைச் சொன்னது அந்தத் தம்பி. இவர் சரி என்றார், நம்பவில்லை.

அன்றைக்கு வழியில் நடந்ததெல்லாம் இவரே பிறகு சொன்னது. ஆரம்பத்திலேயே ஒரு வேகமான கூட்டம் சர்ரென்று போயிருக்கிறது. அவர்கள் பின்னால் போகாதீர்கள், திரும்பும்போது எதிர்க்காற்று இருக்கிறது என்று தம்பி சொல்லியிருக்கிறது. நேரம் தவறி நான் தோற்றுப்போனால் இவனைக் குறை சொல்ல எனக்கு வாயிருக்காது, அதற்குத்தான் என்னைப் பின்னால் இழுக்கிறான் என்று இவர் முடிவு கட்டி, அந்தக் கூட்டத்தோடு ஒட்டிக்கொண்டார். முதல் முத்திரை இடத்தில் இவர் ராஜா. முதுகுப் பையில் நான் வைத்த அவித்த உருளைக்கிழங்கும் வாழைப்பழமும் வைத்தது வைத்தபடி இருந்தன.

அப்புறம் செய்ததுதான் எந்த சைக்கிள்காரனும் செய்யாத வேலை. பாதை ஓரிடத்தில் பெரிய சுற்றாகச் சுற்றிப் போகிறது. அங்கே குறுக்கே ஒரு மண்பாதை இருந்ததைப் பார்த்துவிட்டார். பார்த்ததும் உள்ளே இருந்த மோப்பம் விழித்துக்கொண்டது. பல்செட்காரன் கட்டாயம் இதில்தான் புகுவான் என்று, பூட்டியிருந்த ஒரு டயர் கடைக்குப் பின்னால் சைக்கிளைச் சாய்த்துவிட்டு ஒளிந்து நின்றார். பஸ் நிறுத்தத்தில் மரத்தடியில் நின்று பழகிய ஆள் அல்லவா? நின்றார், நின்றார், கால் விறைத்துப்போகும் வரை நின்றார். அந்தத் தம்பி வந்தது. மண்பாதையைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் சுற்றுப் பாதையில் அதே வேகத்தில் போய்விட்டது. பிடிக்க வேண்டிய ஆள் பிடிபடவில்லை, இவர் நேரம்தான் போயிற்று.

விட்ட நேரத்தைப் பிடிக்கிறேன் என்று மூச்சு முட்ட மிதித்திருக்கிறார். திரும்புகிற வழியில் தம்பி சொன்ன காற்று நேர் எதிரே வந்தது. சாப்பிடவில்லை, குடிக்கவில்லை. கண் இருட்டிக்கொண்டு வந்து, சாலையோரக் கல்லில் இரண்டு தடவை உட்கார்ந்து எழுந்திருக்கிறார். கடைசி முத்திரை இடத்துக்கு இவர் சைக்கிளை உருட்டிக்கொண்டு வந்து சேர்ந்தபோது அந்தத் தம்பி டீயைக் குடித்து முடித்து நின்றுகொண்டிருந்தது. இவரை நிழலில் உட்காரவைத்து, உப்புப் போட்ட தண்ணீர் கொடுத்து, முதுகுப் பையிலிருந்த உருளைக்கிழங்கை எடுத்துக் கையில் வைத்தது. முகத்தில் ரத்தம் ஏறும்வரை பார்த்தது. அங்கே இருந்தவர்களிடம் இவரைக் காட்டி ஏதோ சொல்லிவிட்டு வந்தது.

"இன்னும் நேரம் இருக்கு சார். அவசரப்படாம போனா போதும். நான் கிளம்பறேன்."

"என்னை விட்டுட்டா?"

"நாம பேசிக்கிட்டது அதானே சார். அதோட, நான் கூட வந்தா நீங்க என்னைப் பாத்துப் பாத்து மிதிப்பீங்க. பாதி வழியில விழுந்துடுவீங்க."

சொல்லிவிட்டுப் போயே போய்விட்டது. திரும்பிப் பார்க்கும் என்று இவர் பார்த்துக்கொண்டே இருந்தாராம். பார்க்கவில்லை.

இங்கே முடிவு இடத்தில் நானும் மகளும் நின்றிருந்தோம். தம்பி தனியாக வந்து இறங்கியதும் அவள் கேட்டது அப்பா எங்கே என்றுதான். பின்னால் வருகிறார், அசந்துபோயிருந்தார், இப்போது பரவாயில்லை, வந்துவிடுவார் என்றது. அவ்வளவுதான், என் மகள் பிடித்துக்கொண்டாள். சர்க்கரை இருக்கிற மனுஷனை நடுரோட்டில் விட்டுவிட்டு ஒருவர் முத்திரை வாங்க ஓடிவந்தால் அவரை என்னவென்று சொல்வது என்று கேட்டாள். தம்பி ஏதோ சொல்ல வாயெடுத்தது. "பேசாதீங்க. அப்பா வந்து ஒண்ணும் சொல்ல வேண்டாம், நானே சொல்றேன், வேண்டாம்" என்றாள். தம்பி வாசல் கேட்டுக்கு வெளியே போய் நின்றுகொண்டது, வீட்டுக்குப் போகவில்லை. எனக்கும் கோபம்தான். வெளிச்சம் குறையக் குறைய நான் சாலையை எட்டி எட்டிப் பார்த்தேன். இந்த மனுஷன் வந்து சேர்ந்தால் போதும், ஆயிரம் தம்ளரைக் கணக்குப் பார்க்கட்டும் என்று நினைத்துக்கொண்டேன்.

முத்திரை போடுகிற மேசையை மடிக்க ஆரம்பித்த நேரத்தில் வந்தார். வரும்போதே வாய் ஓடிக்கொண்டிருந்தது. கிட்டே வந்ததும்தான் புரிந்தது, அந்தத் தம்பியைத் திட்டிக்கொண்டு வருகிறார். கடைசி முத்திரை இடத்திலிருந்து ஒரே திட்டாம். திட்டுகிறபோது மூச்சு வாங்கினால் மிதியைக் குறைத்தாராம், தடையில்லாமல் திட்ட முடிந்தால் அதே வேகத்தில் போனாராம். அட்டையில் முத்திரை விழுந்தது. நேரம் மிச்சமிருந்தது.

மகள் இவர் கையைப் பிடித்து உட்காரவைத்து, தான் வேண்டாம் என்று சொல்லிவிட்டதைச் சொன்னாள். இவர் ஷூ கயிற்றை அவிழ்த்துக்கொண்டிருந்தவர் நிமிர்ந்தார்.

"யாரக் கேட்டுச் சொன்ன?"

"உங்கள விட்டுட்டு வந்தாருப்பா."

"கிளம்பறேன்னு சொல்லிட்டுத்தான் வந்தான். இத்தன வருஷமா பஸ்ல ஏறி இறங்கறேன். டிக்கெட் இல்லாதவன்தான் என்னப் பாத்ததும் எந்திரிச்சு இடம் குடுப்பான். இவன் எங்கிட்ட நல்ல பேர் வாங்கணும்னு கூடவே ஒட்டிக்கிட்டு வந்திருந்தா, நான் வேண்டாம்னு சொல்லக் காரணம் கெடச்சிருக்கும்."

"உங்களுக்குக் கோபமே வரலையா?"

"வராம? வழி பூரா கெட்ட வார்த்தைதான். கோபம் வந்துச்சும்மா. ஆனா சந்தேகம் வரல. ஒரு தடவகூட வரல."

மகள் இவர் கையை விட்டாள். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு கேட் பக்கம் நடந்தாள். அங்கே அவர்கள் என்ன பேசினார்கள் என்று எனக்குக் கேட்கவில்லை, தம்பி ஹெல்மெட்டைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டிருந்தது மட்டும் தெரிந்தது. எனக்கு மனசு நிறைந்துவிட்டது. நிறைந்த மனசின் ஓரத்தில் ஒன்று சுருக்கென்று குத்தியது. சந்தேகம் வரல என்பது, நாலு மாதம் தெரிந்த பல்செட்காரனுக்குக் கிடைத்த வார்த்தை.

"அப்ப என் மேல?" என்று கேட்டேன்.

இவர் சட்டென்று குனிந்து, ஏற்கெனவே அவிழ்த்துவிட்ட ஷூ கயிற்றை மறுபடி அவிழ்க்க ஆரம்பித்தார்.