ரயில் டிக்கட், பஸ் பயணம்

ரயில் டிக்கட் கொடுக்கிறவரின் முகம் ரயில் ஓடுகிற நாட்களில் யாருக்கும் ஞாபகம் இருக்காது. ஓடாத நாட்களில் எல்லோருக்கும் ஞாபகம் இருக்கும். பதினாறு வருடமாக மலைநாட்டு ஸ்டேஷன் ஒன்றில் கவுண்டருக்குள் உட்கார்ந்திருக்கிறேன். ஒரு வருடம் பெய்த பெருமழையில் எங்கள் ஸ்டேஷனுக்கு மேலேயும் கீழேயும் மண் சரிந்து, தண்டவாளம் சில இடங்களில் அந்தரத்தில் தொங்கியது. ரயிலுக்குப் பதிலாக பஸ் விட்டார்கள். அந்த பஸ்களில் நசுங்கிப் போனவர்கள் உங்களில் பலர் இருப்பீர்கள். நீங்கள் பஸ்ஸுக்குள் பட்டதை நான் கவுண்டருக்குள் பட்டேன். அதனால் நாம் ஒரே கட்சி என்று நினைத்துக்கொண்டே இதை எழுதுகிறேன்.

போர்டு

பஸ் விட்ட முதல் நாள், அறிவிப்பை வெளியே ஒட்டியிருந்தோம். சிங்களத்தில் ஒன்று, ஆங்கிலத்தில் ஒன்று. தமிழில் வரும் என்றார்கள், வரவில்லை. காலையில் இருந்து நூறு பேருக்காவது வாயாலேயே சொல்லித் தொண்டை கட்டிவிட்டது. அப்போதுதான் ஓர் இளம் டீச்சர் வந்தார். யாழ்ப்பாணத்துப் பிள்ளை, தேயிலைத் தோட்டத்துப் பள்ளிக்கூடத்துக்கு அந்த வருடம்தான் நியமனம் கிடைத்து வந்திருந்தார். "அக்கா, தமிழ் அறிவித்தல் எங்கை?" என்று கேட்டார். "ஒங்களுக்கு நான் சொல்றேன் டீச்சர்" என்றேன். "எனக்குச் சிங்களம் வாசிக்கத் தெரியும். பின்னாலை நிக்கிற சனத்துக்காகக் கேக்கிறன்" என்றார்.

எனக்குச் சுருக்கென்றது. பின்னால் நின்றது என் சனம். பார்சல் வந்த அட்டைப்பெட்டி ஒன்றைக் கிழித்து, மார்க்கரால் பெரிதாக எழுதினேன்: மண்சறிவு காரணமாக ரயில் ஓடாது, பஸ் முன்வாசலில் நிற்கும், ரயில் டிக்கட் செல்லும். வெளியே கொண்டுபோய்க் கட்டினேன். டீச்சர் நின்று படித்துவிட்டு, மார்க்கரைக் கேட்டு வாங்கி, பெரிய 'றி'யை வெட்டிச் சின்ன 'ரி' போட்டார். "பதினாறு வருசமா சிங்களத்திலேயே எழுதி எழுதித் தமிழ் மறந்துபோச்சு" என்று அசடு வழிந்தேன்.

"பிழையைத் திருத்திப் போடலாம் அக்கா. எழுதாமல் விட்டதை என்னெண்டு திருத்துறது?"

பதினாலாம் நம்பர்

சிவலிங்கம் என்றொரு தையல்காரர், மஸ்கெலியாவிலிருந்து வந்தார். சர்க்கரை வியாதியில் ஒரு காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். செயற்கைக் கால் பொருத்திப் பார்க்கக் கொழும்புக்கு வரச்சொல்லியிருந்தார்கள். அந்தத் தேதி கிடைக்கவே பல மாதம் காத்திருந்தாராம். வெட்டிய காலை நீட்டி வைக்க வசதியாக ஜன்னலோர சீட்டைப் பார்த்து முன்கூட்டியே பதிவு செய்திருந்தார். பஸ்ஸிலோ முதல் படியே இடுப்பு உயரம். இரண்டு பேர் சேர்ந்து அவரைத் தூக்கி ஏற்றுவதற்குள், கால் உள்ளவர்கள் ஓடிப்போய் எல்லா சீட்டிலும் உட்கார்ந்துவிட்டார்கள்.

கவுண்டரை அப்படியே விட்டுவிட்டு பஸ்ஸில் ஏறினேன். அவருடைய டிக்கட்டைத் தூக்கிப் பிடித்து, "இவரு சீட் ரிசர்வ் பண்ணியிருக்காரு" என்று தமிழிலும் சிங்களத்திலும் சொன்னேன். "பஸ்ஸில ஏது நம்பர்?" என்று ஒரு குரல் மட்டும் கேட்டது. மற்றவர்களுக்குத் திடீரென்று ஜன்னலுக்கு வெளியே பார்க்க நிறைய இருந்தது. முன் சீட்டில் தனியாக உட்கார்ந்திருந்த ஒரு பௌத்த பிக்கு நகர்ந்து, பக்கத்து இடத்தைக் கையால் தட்டி, "மெதன வாடிவென்ன" என்றார். இங்கே உட்காருங்கள் என்று அர்த்தம். பிக்குவோடு சரிசமமாக உட்கார நம்மவர்கள் கூசுவார்கள். சிவலிங்கமும் கூச்சத்தோடு சீட்டின் ஓரத்தில் உட்கார்ந்து கும்பிட்டார். எனக்கு மனசு நிறைந்துவிட்டது. கீழே இறங்கி, ஜன்னல் வழியாக "இப்ப சரியாங்க?" என்று கேட்டேன்.

"ஒக்கார எடம் கெடைச்சிருச்சு மிஸ், அந்த சாமி நல்லாருக்கணும். ஆனா நா புண்ணியம் கேட்டு வரலீங்க, பதினாலாம் நம்பரத்தான் கேட்டேன்."

கதவோரம்

மறுநாளிலிருந்து, பதிவு செய்தவர்கள், நடக்க முடியாதவர்கள், கைக்குழந்தைக்காரர்கள் ஏறிய பிறகுதான் மற்றவர்கள் என்று பஸ் வாசலில் நானே நின்றேன். அதற்கு யாரும் எனக்கு உத்தரவு தரவில்லை, தடுக்கவும் இல்லை. ஒருநாள் அந்த வரிசையில் ஒரு வெள்ளைக்காரப் பெண். ரயில் கதவில் தொங்கிக்கொண்டு தேயிலை மலையைப் படம் எடுக்கவே கடல் தாண்டி வந்தவள், பஸ் என்றதும் கண் கலங்கிவிட்டாள். பஸ் கண்டக்டர் ராஜு என்ன விஷயம் என்று கேட்டார். சொன்னேன்.

"அழ வேணாம்னு சொல்லுங்க மிஸ், நம்ம பஸ்ஸில பாதிப் பேருக்குக் கதவுதான் சீட்டு."

புகார் புத்தகம்

இது சிரிக்கிற விஷயமில்லை. றொசல்ல மாதிரி தேயிலைக்கு நடுவே இருக்கிற சின்ன ஸ்டேஷன்களில் ரயில், எங்கள் சனத்தின் வாயில் கோச்சி, நிற்கும். பஸ் அங்கெல்லாம் ஏறாது. மெயின் ரோட்டிலேயே இறக்கிவிட்டுப் போய்விடும். செல்வராணி அப்படி ஒரு தோட்டத்தில் கொழுந்து பறிக்கிறவர். நெஞ்சு வருத்தத்துக்குப் புதன்கிழமை தோறும் எங்கள் டவுன் ஆஸ்பத்திரிக்குக் கிளினிக் வருவார். மேடு ஏறக்கூடாது என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். மெயின் ரோட்டிலிருந்து அவருடைய லயத்து வீட்டுக்கு நாலு கிலோமீட்டர், அத்தனையும் மேடு. இரண்டாவது வாரம் பாதி வழியில் மயங்கி விழுந்து, கொழுந்து லொறிக்காரர்கள் தூக்கிக்கொண்டு போயிருக்கிறார்கள். மூன்றாவது வாரம் கவுண்டரில் வந்து நின்றார். "கோச்சி வர்ற வரைக்கும் கிளினிக்க நிப்பாட்டிறலாம்னு பாக்குறேங்க" என்றார். ஏதோ சினிமாவுக்குப் போவதை நிறுத்துகிறவர் மாதிரி அமைதியாகச் சொன்னார்.

புகார் புத்தகத்தை எடுத்து வைத்தேன். தினமும் கவுண்டரில் கத்துகிறவர்களில் ஒருவர்கூட அதைக் கேட்டதில்லை. செல்வராணிக்குப் பெயர் மட்டும்தான் எழுத வரும். அவர் சொல்லச் சொல்ல நானே எழுதினேன். அவர் கையெழுத்துப் போட்டார். மறுநாள் காலை ஸ்டேஷன் மாஸ்டர் புத்தகத்தோடு வந்தார். அவருக்குத் தமிழ் பேச வரும்; வாசிக்க வராது. "படிச்சுச் சொல்லுங்க" என்றார். வரிக்கு வரி சிங்களத்தில் சொன்னேன். சொந்த இலாகாவுக்கு எதிராகப் புகார் எழுதிக் கொடுத்தவளுக்கு என்ன நடக்கும் என்று தெரியவில்லை. அவர் வெளியே நான் எழுதித் தொங்கவிட்ட அட்டையைப் பார்த்தார், புத்தகத்தைப் பார்த்தார். பிறகு உட்கார்ந்து, 'இது உண்மை, உடனே வழி செய்ய வேண்டும்' என்று சிங்களத்தில் அதன் கீழே எழுதிக் கையெழுத்திட்டு, மேலிடத்துக்கு அனுப்பப் பிரதி எடுக்கச் சொன்னார். கதவு வரை போனவர் திரும்பினார்.

"அடுத்த தடவ இடது கையில எழுதுங்க மிஸ்."

நாற்பது நிமிடம்

கிளினிக் நாட்களில் மெயின் ரோட்டிலிருந்து அந்தச் சின்ன ஸ்டேஷன் வரை ஒரு வேன் போக உத்தரவு வந்தது. மூன்று புதன்கிழமை ஓடியது. நாலாவது புதனுக்குள் தண்டவாளம் சரியாகிவிட்டது. செல்வராணி கிளினிக்கை விடவில்லை. நம் வழக்கப்படி உதவி கடைசியில்தான் வந்தது, ஆனாலும் வந்தது.

ரயில் திரும்பிய காலையில் எனக்குக் குமாரைப் பார்க்கத்தான் பயம். நானுஓயாவில் இறங்கி நுவரெலியாவில் வேலைக்குப் போகிற சீசன் டிக்கட்காரர். பஸ் ஓடிய காலம் முழுக்க, தாமதமாகப் போய் முதலாளியிடம் வாங்கிய திட்டை மறுநாள் காலை எனக்கு அப்படியே திருப்பித் தருவார். "சீசன் எடுத்தது கோச்சிக்கா, ஒங்க மூஞ்சியப் பாக்கவா?" என்று ஒருநாள் கேட்டே விட்டார். அன்றைக்கு முதல் ரயிலே தாமதம். ஒலிபெருக்கியில் அதைச் சொல்லிவிட்டு, தலையைக் குனிந்துகொண்டேன். குமார் நேராகக் கவுண்டருக்கு வந்தார். முகமெல்லாம் சிரிப்பு.

"நாப்பது நிமிசம் லேட்டுன்னு சொன்னீங்க பாருங்க, அதக் கேட்டப்பதான் மிஸ் நம்ம கோச்சி வந்திருச்சுன்னு நம்புனேன்!"

டிக்கட்டில் ஊரையும் நம்பரையும் மட்டும்தான் அச்சடிக்கிறோம் என்று பதினாறு வருடம் நினைத்திருந்தேன், அதில் ஒரு வாக்குறுதியும் இருக்கிறது என்பதைப் பயணிகள்தான் எனக்குப் படித்துக் காட்டினார்கள், பெரும்பாலும் சத்தமாக.