பேங்கு வாசலில் கழற்றிய சப்பாத்து

கணக்குப் படிப்பு முடிந்ததும் எந்த வேலைக்குப் போவது என்று பேரப்பிள்ளைகள் நீங்கள் இருவரும் சாப்பிடும்போதெல்லாம் பேசுகிறீர்கள். பேங்கா, கம்பெனியா, வரி ஆபீசா என்று. நான் அதிகம் படித்தவன் இல்லை. ஏழாம் வகுப்பும், ஈப்போவில் தங்கிப் படித்த மாலைநேரக் கணக்கு வகுப்பும்தான். ஆனாலும் எனக்கும் அப்படி ஒரு வாரம் வந்தது.

அப்போது சுங்கை சிப்புட் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில், கூலிகளுக்கான வரிசை வீடுகளில் ஒன்றான லயத்து வீட்டில் இருந்தோம். அப்பா இல்லை. அம்மா பால்மரம் வெட்டினாள், பட்டையைக் கீறிப் பால் எடுக்கும் வேலை. நான் படிப்பை முடித்து வந்தது தெரிந்ததும் தோட்டத்துத் துரை கூப்பிட்டார். ஆபீசில் கணக்கு எழுதும் சின்னக் கிராணி வேலை காலி, திங்கட்கிழமை வந்து சேர் என்றார். கிராணி என்றால் தனி வீடு. பலகைத் தரை, சமையல்கட்டுக்குள்ளேயே தண்ணீர்க் குழாய். அன்று மாலை முழுதும் அம்மா மனசுக்குள் அந்த வீட்டிலேயே குடியிருந்தாள். எந்த ஜன்னலுக்கு எந்தப் பழைய சேலை என்பது வரை முடிவாகிவிட்டது.

சின்னக் கிராணிதான் விடியலில் பெரட்டு எடுப்பார். வரிசையில் நிற்கும் ஆட்களின் பேரைக் கூப்பிட்டுக் குறித்துக்கொள்வார். மத்தியானம் பால் நிறுக்கும்போது யார் வாளியில் குறைகிறதோ, அவர்களுக்கு அரைப்பேர். பாதி நாள் சம்பளம்தான். அம்மா வாளியைக் கழுவிக்கொண்டே சிரித்தபடி கேட்டாள்.

"ஏங்க கிராணியாரே, மழை பேஞ்சு பால் கொறஞ்சா எனக்கும் அரைப்பேருதானா?"

விளையாட்டுக்குத்தான் கேட்டாள். போட்டால் பெற்றவளுக்குப் போட வேண்டும். போடாவிட்டால், அவளுக்குப் பக்கத்தில் நிற்கிறவளுக்கு மட்டும் எப்படிப் போடுவது?

மறுநாள் வேறு வேலை தேடி ஈப்போவுக்கு ரயிலேறினேன். பனிக்குள் சுண்ணாம்பு மலைகள் ஒவ்வொன்றாக வந்து, நின்று பார்த்துவிட்டுப் போயின. நகர்வது ரயிலா மலையா என்று தெரியாமல் உட்கார்ந்திருந்தேன்.

முதலில் போனது ஒரு செட்டியார் கிட்டங்கிக்கு. வட்டிக்குக் கொடுக்கும் இடம். பாய்மேல் சின்னச் சின்னக் கைப்பெட்டிகள், ஒவ்வொன்றின் பின்னும் சம்மணமிட்ட ஓர் ஆள். அங்கிருந்தவர் அன்பாகத்தான் பேசினார். வேலை உண்டு, ஆனால் பர்மாவில், மூன்று வருஷம், நடுவில் வர முடியாது என்றார். அம்மாவை யாரிடம் விடுவது? கும்பிட்டுவிட்டு வந்தேன்.

அடுத்து ஒரு பேங்கு. தோட்டத்து ஆபீசில் படியேறும்போதே குடையை மடக்கி, காலில் கிடப்பதைக் கழற்றிவிடுவோம். கால் அதைத் தானாகவே செய்தது. கூட்டாளியிடம் இரவல் வாங்கிய சப்பாத்தை வாசலில் விட்டுவிட்டு, குளிர்ந்த கல்தரையில் வெறுங்காலோடு போய் நின்றேன். யாழ்ப்பாணத்துக் கிளார்க்கர் ஒருவர் மூக்குக்கண்ணாடிக்கு மேலாக என் காலைப் பார்த்தார்.

"தம்பி, கோயில் எண்டு நினைச்சிட்டீர் போல. பிழையில்லை, இங்கயும் கும்பிடத்தான் வருகினம்."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். வேறென்ன செய்வது? அவரே என்னை உள்ளே ஒரு சீனப் பெரியவரிடம் கூட்டிப் போனார். வெள்ளிக் காசுகளைக் கற்பலகையில் போட்டு, சத்தத்தைக் கேட்டே நல்ல காசையும் கள்ளக் காசையும் பிரிப்பவர். அவருக்கு ஓர் உதவியாள் வேண்டுமாம். நின்று கேள் என்று பெரியவர் சைகை காட்டினார்.

கண்ணை மூடிக்கொண்டேன். அது காசுச் சத்தமாகவே இல்லை. மழை விட்ட பிறகு தோட்டம் முழுக்க இலைகளிலிருந்து, மரத்தில் கட்டிய பால் கோப்பைகளில் நீர் சொட்டுகிற சத்தம். உள்ளங்கால் வழியாகவும் ஏறி வந்தது. எவ்வளவு நேரம் அப்படி நின்றேனோ. ஒரு காசு மட்டும் சொத்தென்று விழுந்தது. கண்ணைத் திறந்து அதைத் தள்ளி வைத்தேன். பெரியவர் தலையசைத்தார்.

கிராணியைவிடக் குறைந்த சம்பளம். வீடு கிடையாது. ஞாயிறு தோறும் அம்மாவிடம் வரலாம். சரி என்றேன்.

வீட்டில் சொன்னதும் அம்மா அடுப்பில் விறகைத் தள்ளிவிட்டுக் கேட்டாள்.

"அப்ப அந்தக் கொழாயி வீடு இல்லியா?"

"இல்லம்மா."

"வேற கிராணி வருவானா?"

"வருவாரு."

"வரட்டும். அரைப்பேரு போட்டான்னா அவன நல்லா ஏசிக்கலாம்."

நீங்களும் சம்பளத்தைப் பாருங்கள், வேண்டாம் என்று சொல்லமாட்டேன். அந்த வேலையில் யார் பேரை எழுத வேண்டி வரும் என்பதையும் பாருங்கள்.

திங்கட்கிழமை விடியலில் பனிக்குள் ஸ்டேஷனுக்கு நடந்தேன். பெரட்டுக் களத்தில் புதுக் குரல் ஒன்று பேர் கூப்பிட்டுக்கொண்டிருந்தது. அம்மாவின் பேர் வந்ததும் நின்றேன். "இருக்கேன்" என்றாள். வழக்கத்தைவிடச் சத்தமாக.