ஒரு துணியும் துவைக்காத மெஷின்

எங்கள் ஃபேக்டரியின் பழைய சூப்பர்வைசர் வேலையை விட்ட பிறகு வாஷிங் மெஷின் சேர்க்க ஆரம்பித்தார். சிலருக்குப் பழைய ரேடியோ கிறுக்கு, இவருக்கு இது. சிங்கப்பெருமாள் கோவிலில் வீட்டுக்குப் பின்னால் தகர ஷெட் போட்டு அடுக்கி வைத்திருக்கிறார். இன்று கடையில் விற்கும் மெஷின்களில் எது நாளைக்கு அபூர்வமாகும் என்று பேச ஆரம்பித்தால் காப்பி ஆறிப்போகும். விரலால் தொட்டு ஓட்டுகிற மெஷின் நிலைக்காதாம். உள்ளே போர்டு போய்விட்டால் மாற்று போர்டு கிடைக்காது, எடைக்குத்தான் போட வேண்டும். துவைத்து முடித்ததும் பாட்டுப் பாடுகிறதே, அதில் ஒன்றிரண்டை யாராவது ஆசைக்கு வைத்திருப்பார்களாம். ஆனால் கையால் டைமரைத் திருகுகிற இரட்டைத் தொட்டி மெஷின், அதிலும் எங்கள் லைனில் கொஞ்ச காலமே ஓடிய கத்தரிப்பூ நிற மாடல், அதுதான் பொக்கிஷம் என்பார்.

அவர் சொல்வது சரியாகவே இருக்கலாம். எனக்கு அந்தப் பேச்சே பிடிக்காது, ஏனென்றால் அந்தக் கத்தரிப்பூ நிற மெஷின் ஒன்று எங்கள் வீட்டில்தான் இருந்தது.

ஒரகடம் ஃபேக்டரியில் நான் டைமர் பொருத்தும் இடத்தில் இருந்தேன். என் வீட்டுக்காரர் அதே லைனின் கடைசியில், மெஷினில் தண்ணீர் நிரப்பி ஒழுகுகிறதா என்று பார்க்கும் வேலை. இரண்டு பேருமே தென்காசிப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்தவர்கள். கல்யாணமான புதிதில் அந்த மாடலை நிறுத்தப்போகிறார்கள் என்று, வேலை செய்கிறவர்களுக்குக் குறைந்த விலையில் கொடுத்தார்கள். அவர் ஒன்று வாங்கிவந்து இறக்கினார். “இனிமே நீ கல்லுல குனிய வேண்டாம்ட்டி” என்றார். எனக்குத் தலைகால் புரியவில்லை.

அந்தச் சந்தோஷம் சாயங்காலம் வரைக்கும்தான். நாங்கள் வாடகைக்கு இருந்த வீட்டின் சொந்தக்கார அம்மா வாசலில் வந்து நின்றார்.

“இன்னாம்மா, மிசினா வாங்கினு வந்துகிறீங்க? ஒரு தபா போட்டா டேங்கு பாதி காலியாப்பூடும். மத்த வூட்டுக்காரங்க இன்னா பண்ணுவாங்க? பின்னாடி கல்லு கீது இல்ல, அதுல தொவைச்சுக்கோ.”

அவரைச் சொல்லியும் குற்றமில்லை. இந்தப் பக்கத்து வாடகை வீடுகளில் மெஷின் கூடாது என்பதைக் குடிவரும்போதே சொல்லிவிடுவார்கள். நாங்கள் அதுவரை மெஷின் வாங்கியதில்லை என்பதால் காதில் ஏறவில்லை. ஊர் உலகத்துக்கெல்லாம் வாஷிங் மெஷின் செய்து அனுப்பிய பெண்கள் நாங்கள் எல்லாரும், ஷிப்ட் முடிந்து வந்து வரிசையில் நின்று கல்லில் துவைத்தோம்.

மெஷின் மேஜையாகிவிட்டது. அட்டையும் பிளாஸ்டிக்கும் சுற்றியபடியே மூலையில் நின்றது. மேலே அரிசி டின், சாமி படம். ஆயுத பூஜைக்கு மட்டும் இறக்கிவைத்து, பிளாஸ்டிக்கின் மேலேயே சந்தனம் குங்குமம் வைப்போம். வேலையே பார்க்காததற்குப் பூஜை போட்ட வீடு எங்களுடையதாகத்தான் இருக்கும். வீடு மாறியபோதெல்லாம் அதையும் தூக்கிக்கொண்டு போனோம், போன இடத்திலும் இதே சட்டம். அவருடைய யூனிபார்மில் கிரீஸ் ஒட்டினால் லேசில் போகாது. தேய்த்துத் தேய்த்து என் விரல் நுனிகள் உரிந்து, சோற்றில் கை வைத்தால் எரியும். முதுகு வலியைப் பற்றிச் சொன்னால், “நம்ம வீடு ஒண்ணு வரட்டும்” என்பார். நானும் அதையே நம்பிக்கொண்டிருந்தேன்.

போன வருஷம் தண்டலம் தாண்டி உள்ளே சின்னதாக ஒரு வீடு கட்டி, சொந்த போர் போட்டோம். பால் காய்ச்சிய மறுநாளே பிளாஸ்டிக்கைக் கிழிக்கப் போனேன். அவர் கையைப் பிடித்துக்கொண்டார்.

“ஏட்டி, இப்பம் போடாத. சார் ஒரு எட்டு வந்து பாத்துட்டுப் போவட்டும். புதுசாவே இருக்கு, ஒங்களுக்கே தாரேன்னு சொல்லியிருக்கேன்.”

அந்த ஞாயிற்றுக்கிழமையே சூப்பர்வைசர் சார் வந்தார். பிளாஸ்டிக்கைப் பிரித்து, மூடியைத் திறந்து தொட்டிக்குள் தலையை விட்டுப் பார்த்தார். முகமெல்லாம் பல்.

“ஒரு துணி கூட இதுல துவைக்கலையேம்மா. அதான் இதுக்கு மதிப்பே. ஷெட்டுல நடுவுல வைக்கிறேன்.”

என் வீட்டுக்காரர் மெடல் வாங்கியவர்போல் நின்றார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அது துவைக்காத துணியை யார் துவைத்தது என்று சாரும் கேட்கவில்லை, இவரும் சொல்லவில்லை.

“துவைக்கதுக்குத்தான வாங்குனோம்? ஒரு தடவையாவது துவைச்சுட்டுத் தாரேன்” என்றேன். இரண்டு பேரும் வேண்டாம் என்றார்கள். நான் கேட்கவில்லை. குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றி, பவுடர் போட்டு, முந்தின நாள் யூனிபார்ம் சட்டையைப் போட்டு டைமரைத் திருகினேன். டைமர் ஓடியது. சட்டை ஒரு சுற்று சுற்றியது. அதற்குள் அடியிலிருந்து தண்ணீர் கொட்டி ஹால் முழுக்க நுரை.

சார் ஸ்விட்சை அணைத்தார். “சும்மா வெச்சே சீல் ரப்பர் காய்ஞ்சு வெடிச்சிடுச்சும்மா. ஓட்டிக்கிட்டே இருந்தா நல்லா இருந்திருக்கும். பரவால்ல, பார்வைக்குத்தானே, நான் எடுத்துக்கிறேன்.”

எனக்கு வாய்விட்டு அழ வேண்டும் போலிருந்தது. பழந்துணியைப் போட்டு நுரையைத் துடைத்து முடித்து நிமிர்ந்தபோது என் வீட்டுக்காரரைக் காணவில்லை. பின்பக்கம் போய்ப் பார்த்தேன். துவைக்கிற கல்லுக்கு முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, அந்தச் சட்டைக்குச் சோப்புப் போட்டுக்கொண்டிருந்தார். காலரை விரித்து, கறை இருக்கும் இடத்தைப் பார்த்துப் பார்த்துத் தேய்த்தார். இரண்டு தண்ணீரில் அலசி, முறுக்கிப் பிழிந்து, ஓங்கி ஒரு உதறு உதறினார். கல்யாணத்துக்கு முன்னால் ரூமில் தனியாக இருந்தவர்தானே, துவைக்காமலா இருந்திருப்பார். என்னைவிடச் சுத்தமாகத் துவைத்தார். இத்தனை வருஷத்தில் ஒரு நாள்கூட அவர் கல்லுப் பக்கம் வந்ததில்லை.

என்னைப் பார்த்ததும், “போயிட்டுட்டி, கறை போயிட்டு” என்றார். நான் உள்ளே வந்துவிட்டேன்.